மூடியைத் திறந்தால் ஓடும் மெஷின்: ஒரு பழைய பிரஷ் கட்டரும் மூன்று வார நோட்டும்

எங்கள் அடையாறு அபார்ட்மென்ட்டுக்கு வாரம் ஒரு நாள் தோட்ட வேலைக்கு ஓர் அண்ணன் வருவார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அடையாறில் இரண்டு இடம், மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு, தி. நகரில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம், இவ்வளவுதான் அவர் வாடிக்கை. பல வருஷமாகக் குனிந்து அரிவாளால் புல் அறுத்தவர், முதுகு ஒத்துழைக்காததால் போன ஆகஸ்டில் 4,500 ரூபாய் கொடுத்து ஒரு பழைய பிரஷ் கட்டர் வாங்கினார். தோளில் மாட்டிக்கொண்டு, முனையில் சுழலும் பிளேடாலோ நைலான் நரம்பாலோ புல்லை வெட்டுவோமே, அந்த மெஷின். பார்க்குகளிலும் ரோட்டோரத்திலும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அதன் பெயர் 'புல்லு வெட்டுற மெஷின்'.

வாங்கிய முதல் வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஆரம்பித்தது வினை. ஒரு நாள் இரண்டாவது இழுப்பிலேயே 'டர்ர்ர்' என்று கிளம்பும். இன்னொரு நாள் முப்பது தடவை கயிறு இழுத்தாலும் இருமக்கூட இருமாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படியே மூச்சு விட்டு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும்.

அக்டோபரில் மழை தொடங்கியதும் புல் இடுப்பளவு வளர்ந்தது. கொசு வந்தது. கூடவே அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் மெசேஜும் வந்தது: "அவருக்கு மெஷின் ஓட்டத் தெரியலன்னு நினைக்கிறேன். வெளியில கான்ட்ராக்ட் விட்டுடலாமே?" அடுத்த மாத மீட்டிங்கில் முடிவு செய்வதாக ஏற்பாடு.

எனக்குக் கோபமும் வந்தது, ஆர்வமும் வந்தது. சாஃப்ட்வேர்தான் எனக்குச் சோறு போடுகிறது. 'சில நேரம் ஓடுது, சில நேரம் ஓடல' என்ற புகாரைக் கேட்டே இருபது வருஷம் போயிருக்கிறது. இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை, நான் செய்த தப்புகளையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன். உங்களிடமும் இப்படி ஒரு மெஷின் இருந்தால் உதவும்.

முதலில், இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது?

இந்த வகை மெஷினுக்கு வயது அதிகமில்லை. 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்துவிட்டு, ஒரு தகர டப்பாவில் மீன்பிடி நரம்பைக் கட்டிச் சுழற்றிப் பார்த்ததில் பிறந்தது நைலான் நரம்பு யோசனை. நம்ம அண்ணனிடம் இருப்பது 43 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின்.

டூ ஸ்ட்ரோக் நமக்குப் புதிதில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய பஜாஜ் சேத்தக், டிவிஎஸ் 50 எல்லாம் அதே சாதிதான். இதில் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்து ஊற்றுகிறோம். அந்தக் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறைக்குள் போய் பேரிங்குகளை நனைத்துவிட்டு, அப்புறம்தான் மேலே எரியப் போகும்.

வண்டிக்கும் இந்த மெஷினுக்கும் பெரிய வித்தியாசம் கார்பரேட்டரில் இருக்கிறது. பைக் கார்பரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணமும் அதில் மிதக்கும் ஃப்ளோட்டும் இருக்கும். நேராக நின்றால்தான் அது வேலை செய்யும். பிரஷ் கட்டரை நாம் சாய்க்கிறோம், திருப்புகிறோம், தூக்குகிறோம். கிண்ணம் இருந்தால் கொட்டிவிடும். அதனால் இதில் டயாஃப்ரம் கார்பரேட்டர். உள்ளே மெல்லிய ஜவ்வு மாதிரி இரண்டு தகடுகள்.

ஒன்று பம்ப் ஜவ்வு. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாக இந்த ஜவ்வுக்கு வந்து அதை மேலும் கீழும் ஆட்டும். அந்த ஆட்டம்தான் டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. வேறு பம்ப் எதுவும் கிடையாது.

இன்னொன்று மீட்டரிங் ஜவ்வு. இன்ஜின் உறிஞ்சும்போது இது உள்ளே இழுபட்டு, ஒரு குட்டி நெம்புகோலை அழுத்தி, ஊசி வால்வைத் திறக்கும். தேவையான அளவு பெட்ரோல் வந்ததும் ஊசி மூடிக்கொள்ளும்.

டேங்க்கில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உள்ளே ஒரு குழாயின் நுனியில் கனமான ஃபில்டர் தொங்கும். மெஷினை எப்படிச் சாய்த்தாலும் அது பெட்ரோல் இருக்கும் பக்கம் போய் விழும். அடுத்தது, டேங்க்குக்கு ஒரு மூச்சுத் துவாரம். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். ஆனால் சாய்த்தால் பெட்ரோல் கொட்டக் கூடாது. அதனால் காற்றை உள்ளே மட்டும் விடும் ஒரு ரப்பர் வால்வு, மூடியிலோ தனியாக ஒரு குட்டிக் குழாயின் நுனியிலோ இருக்கும். இந்தக் கட்டுரையின் வில்லன் அவன்தான். ஆனால் அவனைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

நான் செய்த முதல் தப்பு: பிளக்கை மாற்றியது

ஸ்டார்ட் ஆகாத எந்த பெட்ரோல் இன்ஜினுக்கும் வேண்டியது மூன்று: பொறி, பெட்ரோல்-காற்றுக் கலவை, கம்ப்ரஷன். எல்லோரும் செய்வதைப் போல நானும் புது பிளக் வாங்கி மாட்டினேன். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன்.

"சார், மறுபடி அதே கதைதான் சார்."

சாஃப்ட்வேரில் இது தினசரி நடப்பது. தானே வந்து தானே போகும் கோளாறில், நாம் எதைச் செய்தாலும் அடுத்த தடவை அது சரியாகிவிட வாய்ப்பிருக்கிறது. உடனே நாம் செய்ததுதான் காரணம் என்று நம்பிவிடுவோம். சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகும். அதனால் கோளாறு தீர்ந்தது என்று ஆகிவிடாது.

இரண்டாவது தப்பு, ஆன்லைனில் 850 ரூபாய்க்கு ஒரு புது கார்பரேட்டர் வாங்கியது. அதை மாட்டியும் அதே கதை. பழையதையே திரும்ப மாட்டினேன். காசு என்னுடையது என்பதால் பரவாயில்லை. அவர் பாக்கெட்டிலிருந்து போயிருந்தால் ஒன்றிரண்டு நாள் கூலி.

"இப்ப வர்ற பெட்ரோலு சரியில்ல"

மயிலாப்பூரில் எஸ்டி, ஆர்எக்ஸ் காலத்திலிருந்து கை கறுத்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கயிற்றை இழுத்துப் பார்த்தார். "கம்ப்ரஷன் நல்லா இருக்கு தம்பி. கரன்ட் வருது. இப்ப வர்ற பெட்ரோலு சரியில்ல. எத்தனால் கலக்குறானுங்க" என்றார்.

இதில் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் இன்று எந்த வண்டி நின்றாலும் எத்தனால் மேல்தான் பழி.

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2003-இல் 5 சதவீதத்தோடு தொடங்கியது. 2018-இல் உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டினோம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவையான இ20 பங்குகளில் விற்பனைக்கு வந்தது. முதலில் 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னே இழுத்து, 2025-இல் அந்த அளவை எட்டிவிட்டார்கள்.

சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இதனால் என்ன ஆகும்?

ஒன்று, கலவை மெலியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. இ20-க்கு இந்த எண் 13.5-ஐ ஒட்டி வரும். புது கார்களில் சென்சார் இதைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். நம்ம மெஷினில் இருப்பது ஒரு திருகுதான். நாம் திருகாவிட்டால் அது அப்படியேதான் நிற்கும். கலவை மெலிந்தால் சூடு ஏறும், குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

இரண்டு, எத்தனால் தனக்கு ஏற்றதாகச் செய்யப்படாத ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஊற வைக்கும் அல்லது விறைக்க வைக்கும். குழாய், ஜவ்வு, வால்வு எல்லாமே ரப்பர்.

மூன்று, எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் பிரியம். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் தனியாகப் படிந்துவிடும். 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். ஃபில்டர் எங்கே இருக்கிறது? அடியில். அப்போது இன்ஜினுக்குப் போவது ஆயிலே இல்லாத சரக்கு. ஸ்டார்ட் ஆகாமல் இருந்தால் தப்பித்தோம். ஆகிவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இதை நீங்களே பார்க்கலாம். மொட்டை மாடியில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மி.லி. ஊற்றி, 10 மி.லி. தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். அடியில் 10 மி.லி. தண்ணீர்தானே நிற்க வேண்டும்? இ20 என்றால் அந்தக் கீழ் அடுக்கு 30-ஐ ஒட்டி நிற்கும். பெட்ரோலிலிருந்த எத்தனால் தண்ணீர்ப் பக்கம் கட்சி மாறிவிட்டது. (அந்தப் பெட்ரோலைத் திரும்ப எந்த இன்ஜினிலும் ஊற்றாதீர்கள்.)

ஆனால் ஒரு விஷயம். எத்தனால் அதிகமாக இருந்தால், பிரிவதற்கு முன் அது தாங்கும் தண்ணீரும் அதிகம். அதனால் சென்னைக் காற்றின் ஈரத்தால் மட்டும் ஒரே வாரத்தில் இப்படி ஆகிவிடாது. மழையில் மெஷினை வெளியே போட்டு, மூடி வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஆகும். அண்ணனின் டேங்க்கிலிருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பார்த்தேன். ஒரே அடுக்கு, தெளிவாக இருந்தது. புதுப் பெட்ரோலில் சரியான அளவு ஆயில் கலந்து ஊற்றியும் கோளாறு அப்படியே இருந்தது. ஆக, அன்றைய பெட்ரோல் மேல் குற்றமில்லை.

நோட்டு போட்டது

இனிமேல் ஊகம் வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அண்ணனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் ஒரு வரி: நேரம், இன்ஜின் சூடா குளிரா, டேங்க் எவ்வளவு, எத்தனை இழுப்பு, எத்தனை நிமிஷம் ஓடியது. நின்றுபோனால் பிளக்கைக் கழற்றி, நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று எழுத வேண்டும். அந்த மூன்று வாரமும் எதையும் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை.

கடைசிக் கட்டம் முக்கியம். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை அல்லது அதிகமாக வருகிறது. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இந்த ஒரு கேள்வியே பாதி வழியை அடைத்துவிடும்.

மூன்று வாரத்தில் 31 வரிகள் சேர்ந்தன. அதில் 10 இழுப்புக்கு மேல் போனவை 11. நான் எதிர்பார்த்தது ஒரே கோளாறு. வந்தது இரண்டு, அதுவும் நேரெதிர்.

நான்கு தடவை பிளக் தொப்பலாக நனைந்திருந்தது. நான்குமே மெஷினை வெயிலில் கிடத்தி வைத்திருந்த பிறகு.

ஏழு தடவை பிளக் காய்ந்திருந்தது. ஏழுமே ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று, திரும்பக் கிளம்பாதவை. இதில்தான் வேடிக்கை. ஏழுமே டேங்க்கை முழுசாக நிரப்பிய பிறகு, ஐந்திலிருந்து எட்டு நிமிஷத்துக்குள் நின்றவை. அரை டேங்க்கில் ஓடிய நாட்களில் இருபது நிமிஷம்கூட நிற்காமல் ஓடியிருக்கிறது.

நிறைய ஊற்றினால் சீக்கிரம் நிற்கிறது, கொஞ்சமாக இருந்தால் ஓடுகிறது. எந்த ஊர் நியாயம் இது?

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, சில வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டம் இருந்ததைப் பார்த்தேன். நான் கேட்காத கட்டம்.

"என்னண்ணே இது வட்டம்?"

"அதான் சார், அன்னிக்கு மூடியத் தொறந்து பாத்தேன். தொறந்து மூடுனா கிளம்பிடும் சார். நான்தான் மொத நாளே சொன்னனே."

சொன்னார்தான். பிளக்கை மாற்றிய அன்றே சொன்னார். "மூடியத் தொறந்தா ஓடுது சார்." சாமி கும்பிட்டால் ஓடுகிறது என்பது மாதிரி அதை எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். என்னிடம் கடைசியாக வந்த ஜூனியர் ஒருவன் யூசர் சொன்னதை இப்படித் தட்டிவிட்டபோது, அரை மணி நேரம் அவனுக்குப் பாடம் எடுத்தது இதே வாய்தான்.

காய்ந்த பிளக் வரிகள் ஏழில், ஆறில் வட்டம் இருந்தது. மூடியைத் திறந்து மூடிய பிறகு மூன்று இழுப்புக்குள் கிளம்பியிருக்கிறது. ஏழாவதில் வட்டம் இல்லை. அன்று இருபத்தெட்டு இழுப்பு.

பார்த்தாலே மறையும் கோளாறு

ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் 1985-இல் எழுதிய ஓர் அறிக்கையில் 'ஹைசன்பக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். உற்றுப் பார்க்கப் போனால் காணாமல் போகும் கோளாறு என்று பொருள். இங்கே நடந்தது அச்சு அசல் அதுதான். மெஷின் நின்றால் யாராக இருந்தாலும் முதலில் என்ன செய்வோம்? பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்போம். அந்தப் பார்வையே கோளாறைச் சரிசெய்துவிடுகிறது. அப்புறம் பிளக்கைத் துடைத்தாலும், சோக்கைத் தள்ளினாலும், திட்டினாலும் கிளம்பும். பெருமை அந்தக் கடைசிச் செயலுக்குப் போய்விடும். என் புது பிளக்கும் அப்படித்தான் பெயர் வாங்கியது.

காரணம் மூச்சுத் துவாரம். வால்வு ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடவில்லை. பெட்ரோல் போகப் போக டேங்க்குக்குள் அழுத்தம் குறைகிறது. பம்ப் ஜவ்வுக்கு இருப்பது கிராங்க் அறைத் துடிப்பின் சின்ன பலம். ஒரு கட்டத்துக்கு மேல் அதனால் உறிஞ்ச முடியாது.

சரி, நிறைந்த டேங்க்கில் ஏன் சீக்கிரம் நிற்கிறது? பள்ளிக்கூட பாயில் விதிதான். கணக்குப் போடுவோம். டேங்க் ஒரு லிட்டர். கழுத்துவரை நிரப்பினால் மேலே 50 மி.லி. காற்று. மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 10 மி.லி. குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்தில் 50 மி.லி. போய்விட்டது. 50 மி.லி. காற்று இப்போது 100 மி.லி. இடத்தை நிரப்ப வேண்டும். அழுத்தம் பாதியாகிறது. அரை டேங்க்கில் காற்று 500 மி.லி. அதே 50 மி.லி. போனால் 500 காற்று 550-இல் பரவும். பத்து சதவீதம்கூடக் குறையவில்லை. பெட்ரோல் ஆவியும் கொஞ்சம் ஈடுகட்டும் என்பதால் நிஜத்தில் எண்கள் இவ்வளவு கறாராக இருக்காது. ஆனால் போக்கு இதுதான். நோட்டில் இருந்த ஐந்து முதல் எட்டு நிமிஷம் இதோடு பொருந்துகிறது.

மருந்துக்கடையில் 10 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, வால்வுக் குழாயைக் கழற்றிச் சோதித்தேன். காற்று உள்ளே போகும் திசையில் தள்ளினால் அசையவில்லை. பிஸ்டனை விட்டால் திரும்பி வந்தது. (வாயால் ஊதிப் பார்க்காதீர்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.) வால்வைப் பிளேடால் பிளந்து பார்த்தபோது, ரப்பர் உதடுகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அது எத்தனால் வேலையாகவும் இருக்கலாம், வெறும் வயதாகவும் இருக்கலாம். மெக்கானிக் முழுசாகத் தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன்.

சரி, நனைந்த பிளக்? வெயிலில் கிடக்கும்போது டேங்க்குக்குள் ஆவி பெருகி அழுத்தம் ஏறும். வால்வு காற்றை வெளியே விடாது. அந்த அழுத்தம் பெட்ரோலைக் கார்பரேட்டர் பக்கம் தள்ளும். ஊசி வால்வு ஒழுங்காக மூடினால் அங்கேயே நின்றுவிடும். ஊசி தேய்ந்திருந்தால் கசிந்து, இன்ஜினுக்குள் போய் பிளக்கை நனைத்துவிடும். கார்பரேட்டரின் பெட்ரோல் நுழையும் முனையில் சிரிஞ்சால் லேசாக அழுத்தம் கொடுத்து, ஊசிப் பக்கம் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பார்த்தேன். குமிழி வந்தது.

புதுக் கார்பரேட்டர் ஏன் பலன் தரவில்லை என்பதும் இப்போது புரிந்தது. அது நனைவதை மட்டும் தடுத்திருக்கும். டேங்க் மூச்சு விடாததை அது என்ன செய்யும்?

புது மூச்சு வால்வு, பெட்ரோல் குழாய், ஃபில்டர், ஊசியும் ஜவ்வுகளும் சேர்ந்த கிட், எல்லாம் சேர்த்து 420 ரூபாய்.

உங்கள் மெஷின் அடம்பிடித்தால், இந்த வரிசையில் பாருங்கள்

முதலில், உங்களுடையது டூ ஸ்ட்ரோக்தானா என்று பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்றவை ஃபோர் ஸ்ட்ரோக். அதில் ஆயில் தனி, பெட்ரோலில் கலக்கக் கூடாது.

ஆயில் அளவு: 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 40:1 என்றால் 25, 25:1 என்றால் 40. மெஷின் புத்தகம் சொல்வதே கணக்கு. 'கொஞ்சம் தாராளமா ஊத்துனா நல்லது' என்பது சரியில்லை. ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறையும், பிளக்கும் சைலன்சரும் கரி பிடிக்கும். சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.

ஸ்டார்ட் முறை: குளிர்ந்த இன்ஜினில் ரப்பர் பல்பை ஐந்தாறு தடவை அழுத்தி, சோக் போட்டு, 'டப்' என்று முதல் இருமல் கேட்கும்வரை மட்டும் இழுக்க வேண்டும். கேட்டதும் சோக்கை எடுத்துவிட்டு இழுக்க வேண்டும். அந்த இருமலைத் தவறவிட்டு சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்துவிடும். சூடான இன்ஜினுக்குச் சோக் வேண்டாம்.

நனைந்துவிட்டால்: பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்து, சோக் இல்லாமல் ஏழெட்டு தடவை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது.

ஓடி ஓடி நின்றால்: உடனே மூடியை மெதுவாகத் திறந்து, 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடுகிறதா என்று கேளுங்கள். கேட்டால் மூச்சுத் துவாரம். கேட்காவிட்டால், அந்தச் சூட்டிலேயே பொறி வருகிறதா என்று பாருங்கள். பிளக்கை அதன் தொப்பியில் செருகி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி, இன்ஜின் உலோகத்தில் தொடவைத்து இழுக்க வேண்டும். குளிரில் பொறி வந்து சூட்டில் வராவிட்டால் இக்னிஷன் காயில் போய்விட்டது. காயிலை மாற்றும்போது அதற்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனம், சுமார் 0.3 மி.மீ., இடைவெளி விடுங்கள். ஆனால் காயில் வாங்கும் முன், நிறுத்தும் சுவிட்சின் ஒயர் உரசி உடம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். அதற்குச் செலவு ஒரு துண்டு டேப்தான்.

ரப்பர் பல்ப் கல் மாதிரி இருந்தால் அடைப்பு. அழுத்தியும் நிறையாவிட்டால், அல்லது குழாயில் விடாமல் குமிழி ஓடினால், குழாயில் வெடிப்பு. புதுக் குழாய் மாட்டும்போது இரண்டையும் இடம் மாற்றிவிடாதீர்கள். ஒன்று டேங்க்கிலிருந்து வருவது, மற்றது திரும்பிப் போவது.

கார்பரேட்டர் கிட் மாற்றினால்: பெரும்பாலான மாடல்களில் மீட்டரிங் பக்கம் முதலில் கேஸ்கெட், அதன் மேல் ஜவ்வு. பம்ப் பக்கம் முதலில் ஜவ்வு, அதன் மேல் கேஸ்கெட். மாற்றி வைத்தால் ஓடாது. கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜவ்வு விரலில் மொரமொரவென்று இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பலம் குறைந்து ஓடினால்: சைலன்சர் வாயில் இருக்கும் சின்ன வலை கரியால் அடைத்திருக்கும். சுத்தம் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும், அடுத்த சில வாரம் எடுக்க மாட்டோம் என்றால் டேங்க்கைக் காலி செய்து, உள்ளே இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பிளேடில் கை வைக்கும் முன் பிளக் தொப்பியைக் கழற்றுங்கள். கண்ணாடி போடாமல் வெட்டாதீர்கள்.

கடைசியாக

மீட்டிங்குக்கு முந்தின சனிக்கிழமை அண்ணன் பின்பக்கம் முழுவதையும் வெட்டி முடித்தார். டேங்க் நிறைய ஊற்றி ஆரம்பித்தார். நடுவில் டீக்கு நிறுத்தி, இரண்டாவது இழுப்பில் மறுபடி எடுத்தார். வாட்ஸ்ஆப் குழுவில் நான் ஒரு வரிதான் போட்டேன்: "மெஷினில் வால்வு கோளாறு இருந்தது. அவர் முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறார், நான்தான் கேட்கவில்லை." கான்ட்ராக்ட் பேச்சு அதோடு நின்றது.

நோட்டு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இப்போது அதில் எந்த வீட்டுக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகிறது என்று எழுதுகிறார். அதை வைத்து தி. நகர் மண்டபத்தில் கூலி கூட்டிக் கேட்கப் போகிறாராம். போன வாரம் வந்தபோது, மெஷினைக் கீழே வைத்தவர் பழக்கத்தில் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இனிமே தொறக்க வேணாமேண்ணே?"

"தெரியும் சார். இருந்தாலும் ஒரு தடவ பாத்துடுறேன்."